ஓடும் பிள்ளை சோற்றையும் பாணையும் விட வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: 16 வயது மகள் பாடசாலை அணியில் 1500, 3000 மீற்றர் ஓடுகிறாள். கிளைசீமிக் சுட்டி (ஒரு சாப்பாடு இரத்தச் சீனியை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் எண்) கூடிய சாப்பாடு விளையாட்டு வீரருக்குக் கூடாது என்று எங்கோ பார்த்துவிட்டு, இரண்டு மாதமாகப் பாண், வெள்ளைச் சோறு, வாழைப்பழம் மூன்றையும் ஒதுக்கிவிட்டாள். கொண்டைக்கடலையும் பயறும்தான் சாப்பாடு. மெலிந்து போகிறாள், பயிற்சி முடிந்து வந்ததும் படுத்துவிடுகிறாள். இது சரியா?

சரியில்லை. அவள் பார்த்த விஷயம் பொய் அல்ல. ஆனால் எந்த நேரத்துக்குச் சொன்னது என்று பார்க்காமல் நாள் முழுவதற்கும் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். 12 வருடமாக நீண்ட தூரம் ஓடுகிறேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்பதால் வீட்டில் இரத்தச் சீனி பார்க்கும் கருவி எப்போதும் இருக்கும். இந்தக் கேள்வி எனக்கும் வந்தபோது என் விரலிலேயே குத்திப் பார்த்தேன்.

முதல் நாள் விடியற்காலை வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 86 (mg/dL). நாலு துண்டு பாண், ஜாம், சீனி போட்ட பிளேன்டி. முக்கால் மணித்தியாலம் கழித்து 148. உடனே மரைன் டிரைவில் இறங்கி ஓடினேன். பம்பலப்பிட்டி ஸ்ரேசன் கிட்ட, ஓடத் தொடங்கி 15 நிமிடத்தில், முழங்கால் தண்ணியாகிற மாதிரி இருந்தது. ரயில் பாதையோரக் கட்டொன்றில் உட்கார்ந்து, நடுங்குகிற விரலில் குத்தினேன்: 64. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது, வெறும் வயிற்றில் இருந்ததை விடக் குறைவு! கொஞ்சம் நடந்து, பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் 79, உடம்பும் தெளிந்துவிட்டது. நாலு நாள் கழித்து அதே நேரம், அதே ஓட்டம், ஆனால் பாணுக்குப் பதில் அவித்த கடலை. சாப்பிட்டு முக்கால் மணித்தியாலத்தில் 109, 15 நிமிடம் ஓடியபின் 92. நடுக்கம் இல்லை. ஆனால் வயிறு பாரமாக, காற்று நிறைந்து, திரும்பி வரும் வழியெல்லாம் அவதிதான். வீட்டுக் கருவி ஆய்வுகூடம் போலத் துல்லியமானதல்ல, இது ஒருத்தியின் கணக்கு மட்டுமே. இருந்தாலும் புத்தகத்தில் இருப்பதை அன்று உடம்பில் பார்த்தேன்.

நடந்தது என்னவென்றால், பாணின் மாச்சத்து வேகமாகக் குளுக்கோஸாகி இரத்தத்தில் ஏற, இன்சுலின் பாய்ந்து வந்தது. குளுக்கோஸைத் தசைக்குள் தள்ளுவதும் ஈரல் சீனி விடுவதைக் குறைப்பதும் இன்சுலினின் வேலை. அந்த நேரம் பார்த்து நான் ஓடத் தொடங்கினேன். சுருங்கி விரியும் தசை இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை இழுக்கும். இரண்டு இழுப்பும் ஒன்றாகச் சேர்ந்ததால் இரத்தச் சீனி சரிந்தது. இன்னொரு வேலையும் உண்டு: இன்சுலின் கூடியிருக்கும்போது உடம்புக் கொழுப்பு கரைந்து இரத்தத்துக்கு வருவது அடங்கிவிடும். அதனால் தசை தன் சேமிப்பான கிளைக்கோஜனில் அதிகம் கைவைக்க வேண்டி வரும். கடலை மெதுவாகச் செரிப்பதால் இன்சுலின் அவ்வளவு ஏறாது, கொழுப்பும் எரிபொருளாகக் கூட வரும்.

எல்லோருக்கும் இப்படிச் சீனி இறங்குவதில்லை. இறங்கினாலும் பெரும்பாலானோருக்கு 20 நிமிடத்துக்குள் சமநிலைக்கு வந்துவிடும். ஆனால் சிலருக்கு அது உறைக்கும், நான் அந்த ரகம். உங்கள் மகளும் அப்படியா என்று பயிற்சி நாட்களில் கவனித்துப் பாருங்கள், போட்டி நாளில் சோதிக்க வேண்டாம்.

இந்தச் சுட்டி விளையாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. 1981இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் நீரிழிவுக்காரரை மனதில் வைத்து உருவாக்கியது. 50 கிராம் மாச்சத்துள்ள ஓர் உணவைக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் இரத்தச் சீனி எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். 55உம் அதற்குக் கீழும் குறைவு, 70உம் மேலும் கூடுதல். வெள்ளைப் பாண் 75 அளவில் வரும், கடலை 30ஐ ஒட்டி நிற்கும். அளவைப் பற்றி இந்த எண் ஒன்றுமே சொல்லாது. வத்தகப்பழம் பழைய பட்டியல்களில் 70க்கு மேல், ஆனால் ஒரு கீற்றில் இருப்பது ஏழெட்டு கிராம் மாச்சத்துதான். வத்தகப்பழத்துக்குப் பயந்து ஒரு பிள்ளை ஒதுங்குவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

விளையாட்டுப் பக்கம் இந்தப் பேச்சு சூடு பிடித்தது 1991இல், சிட்னியில் செய்த ஓர் ஆய்வுக்குப் பிறகு. பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு ஓட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பு ஒரு நாள் பருப்பு வகை, இன்னொரு நாள் உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். பருப்புச் சாப்பிட்ட நாளில் சோர்ந்து நிறுத்தும் வரை 20 நிமிடம் கூடுதலாக மிதித்தார்கள். பின்னால் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்திலும், மூன்று மணித்தியாலம் முன்பு குறைந்த சுட்டிக் காலைச் சாப்பாடு எடுத்தவர்கள் ஓடும்போது கொழுப்பைக் கூடுதலாக எரித்ததைக் கண்டார்கள். ஆனால் 1990களிலேயே பருப்புக்கும் கிழங்குக்கும் ஓட்டத் திறனில் வித்தியாசம் காணாத ஆய்வுகளும் வந்துவிட்டன. அவுஸ்திரேலியாவின் விளையாட்டு உணவியல் ஆய்வாளர் லூயிஸ் பர்க் 1998இல் காட்டியதை நான் முக்கியமாக நினைக்கிறேன்: ஓடும்போதே இடையிடையே சீனிச்சத்து எடுத்தால், முன்னால் சாப்பிட்டது எந்தச் சுட்டி என்பது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. அதே பர்க் 1993இல், கடும் பயிற்சி முடிந்த அடுத்த 24 மணித்தியாலத்தில் கூடிய சுட்டி உணவு எடுத்தவர்களின் தசையில்தான் கிளைக்கோஜன் அதிகம் சேர்ந்தது என்றும் காட்டியிருந்தார். உங்கள் மகள் ஒதுக்கிய பாணும் சோறும்தான் ஓடி முடிந்ததும் அவளுக்கு வேண்டியவை.

சரி, நேரம் பார்த்துச் சொல்கிறேன். ஓட்டத்துக்கு மூன்று நாலு மணித்தியாலம் இருந்தால் சோறு தாராளமாகச் சாப்பிடலாம், பருப்பும் ஒரு கறியும் போதும். இடியப்பம், சொதி என்றாலும் பிரச்சினையில்லை. பட்டியலில் உள்ள எண் உணவைத் தனியாகக் கொடுத்து அளந்தது. நாங்கள் யாரும் வெறும் இடியப்பத்தைச் சாப்பிடுவதில்லை. பருப்பும் தேங்காய்ப்பாலும் மீனும் சேரும்போது வயிறு மெதுவாக இறக்கும், சீனியும் மெதுவாக ஏறும். அரிசியே எல்லாம் ஒன்றல்ல. அமைலோசு (மெதுவாகச் செரிக்கும் ஒரு வகை மாப்பொருள்) கூடிய, புழுக்கின அரிசி மெதுவானது, குழைய வடித்த பச்சரிசி வேகமானது. குரக்கன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நல்லது என்பார்கள், ஆனால் எந்தத் தானியத்தையும் நைஸாக அரைத்தால் செரிமானம் வேகமாகும். எங்கள் ஊர்ச் சாப்பாடுகளின் சுட்டியை ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். மகள் தேடிப் படிப்பதாக இருந்தால் அதைப் படிக்கட்டும்.

கவனம் தேவைப்படுவது ஓடுவதற்கு முன்னால் 30 முதல் 60, 70 நிமிடம் வரையான அந்த இடைவெளியில்தான். சீனி இறங்கும் ரகமாக இருந்தால் அப்போது சீனித் தேத்தண்ணி, பாண், ஜாம், குளுக்கோஸ் பைக்கற் வேண்டாம். பசித்தால் அதிகம் பழுக்காத வாழைப்பழம் ஒன்று போதும். சுகததாச அரங்கில் போட்டி அட்டவணை எப்படித் தள்ளிப்போகும் என்று உங்களுக்கே தெரியும், இரண்டு மணி ஓட்டம் மூன்றரைக்கு வரும். அதனால் பொறுத்து, வோம்-அப் தொடங்கியபிறகு கொடுங்கள். உடம்பு சூடாகி அதிரினலின் ஏறியதும் இன்சுலின் அடங்கிவிடும், அப்போது இரண்டு வாய் சீனித் தண்ணீர் குடித்தால் அந்தச் சரிவு வராது.

பயிற்சி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனால், ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஐந்து மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, பாதித் தேசிக்காய். இது ஏறக்குறைய ஆறு சதவீதக் கரைசல், கடையில் விற்கும் பானமும் இந்த அளவுதான்.

முடிந்ததும் முதல் மணித்தியாலம். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 கிலோப் பிள்ளைக்கு மூன்று துண்டு பாணும் கொஞ்சம் ஜாமும், ஒரு முட்டையோடு. அன்று மாலையே மறுபடி ஓடுவதாக இருந்தால் இது கட்டாயம். அடுத்த ஓட்டம் நாளைக்குத்தான் என்றால் நாள் முழுக்கச் சேரும் அளவுதான் முக்கியம், அவசரம் இல்லை.

அந்த நாள் அளவில்தான் உங்கள் மகள் தவறுகிறாள் என்று நினைக்கிறேன். தினம் ஒரு மணித்தியாலம் ஓடும் ஒருவருக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாச்சத்து வேண்டும். 48 கிலோவுக்குக் குறைந்தது 240 கிராம். அதைக் கடலையால் மட்டும் எடுக்கப் போனால் ஐந்துக்கு மேல் கப் கடலை, நார் மட்டும் 60 கிராமுக்கு மேல். எந்த வயிறும் தாங்காது. அவளும் அவ்வளவு சாப்பிடப் போவதில்லை, அரை வயிற்றோடு எழும்புவாள். இப்போது நடப்பது அதுதான்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பிள்ளை, நல்ல ஓட்டக்காரி, இதே மாதிரி ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனாள். முதல் மாதம் நேரம் குறைந்தது, எல்லோரும் பாராட்டினோம், நானும் பாராட்டினேன். ஐந்தாம் மாதம் கணுக்காலுக்கு மேல் எலும்பில் மெல்லிய வெடிப்பு. மாதவிடாய் நின்று மூன்று மாதமாகியிருந்ததை அப்போதுதான் வாய் திறந்து சொன்னாள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ப உணவு போகாதபோது உடம்பு ஹோர்மோனையும் எலும்பையும்தான் முதலில் கைவிடும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. அந்தப் பாராட்டை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் பதறுகிறது.

ஆகவே இன்று இரவு சோற்றைப் போடுங்கள். சண்டை பிடிக்க வேண்டாம், இந்த எண்களைக் காட்டி அவளோடு கதையுங்கள், படிக்கிற பிள்ளைக்கு விளங்கும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, காலில் ஒரே இடத்தில் விடாமல் நோகிறதா என்று தனியாகக் கேளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி, இந்த வாரமே ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.