ரோசெல் செய்த வேலை

அன்புள்ள சார்,

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் அன்பியம் (கோவிலின் ஜெபக் குழு) வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு செய்தி வந்தது. நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் 101ஆவது மாடியில் வேலை பார்த்த பார்வையற்ற ஒருவரின் நாய், டெய்சி என்று பெயர், திரும்பத் திரும்ப மேலே ஏறிப்போய் 967 பேரைக் கீழே கொண்டுவந்து சேர்த்ததாம். கடவுள் அனுப்பிய தூதர் என்று முடித்திருந்தார்கள். படித்துவிட்டு அழுதேன். என் கணவர் இறந்த சில மாதங்களில் எங்கள் நாய் மணியும் போய்விட்டான். அவர் காலடியிலேயே கிடந்தவன். கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை மங்கியபோது, வாசல் படி வந்தால் குறுக்கே வந்து நின்றுகொள்வான். அதனால்தான் அந்தச் செய்தி என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. மறுநாளே என் மருமகன் அது கட்டுக்கதை என்று சொல்லிவிட்டார். எனக்கு ஏமாற்றத்தைவிடக் கோபம்தான் வந்தது. இப்படிப்பட்ட கதைகளை வைத்துத்தான் எங்கள் விசுவாசம் நிற்கிறதா? அதில் துளியாவது உண்மை உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். மகன் புதிதாக ஒரு குட்டி கொண்டுவருகிறேன் என்கிறான். மணிக்குத் துரோகம் செய்வது போல இருக்கிறது. என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மருமகன் சொன்னது சரி. டெய்சி கதை 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த சில மாதங்களுக்குள் மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கியது. இன்னும் சுற்றுகிறது. அது பொய் என்பதற்கு ஒரு விஷயமே போதும். வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது 93ஆவது மாடிக்கும் 99ஆவது மாடிக்கும் இடையே. மூன்று படிக்கட்டுகளும் அங்கே சிதைந்துபோயின. 91ஆவது மாடிக்கு மேலே அப்போது இருந்தவர்களில் ஒருவர்கூட உயிரோடு இறங்கி வரவில்லை. அவர்களின் வீட்டார் இன்றும் இருக்கிறார்கள். 101ஆவது மாடியிலிருந்து ஒரு நாய் ஆட்களைக் கூட்டி வந்தது என்று அவர்கள் படிக்க நேர்ந்தால் எப்படி இருக்கும்? உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அதே கோபம்தான்.

ஆனால் அன்று அந்தக் கோபுரத்துக்குள் இரண்டு வழிகாட்டி நாய்கள் உண்மையிலேயே இருந்தன. 71ஆவது மாடியில் சால்ட்டி. 78ஆவது மாடியில் ரோசெல். இரண்டும் லாப்ரடார். இரண்டும் தங்கள் மனிதர்களோடு உயிரோடு வெளியே வந்தன.

சால்ட்டியின் மனிதர் ஓமர் ரிவேரா, துறைமுக ஆணையத்தில் கணினிப் பொறியாளர். புகையும் நெரிசலும் கூடியபோது தன்னால் இனி இறங்க முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நாயாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று வாரை விட்டு, போ என்று சொல்லிவிட்டார். கூட்டத்தோடு சால்ட்டி போய்விட்டது. சற்று நேரத்தில் அவர் முழங்காலில் பழகிய மூக்கு ஒன்று வந்து இடித்தது. அத்தனை பேருக்கு நடுவே எதிர்த்து ஏறி அவரிடமே திரும்பி வந்திருந்தது. டெய்சி கதையிலும் நாயை விட்டுவிடும் இடம் ஒன்று வரும். இதைத்தான் யாரோ எடுத்து, பத்தாது என்று நினைத்து, 967 பேரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒருவரிடம் திரும்பி வந்தது அவர்களுக்குப் போதவில்லை.

ரோசெல்லைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

ரோசெல்லின் மனிதர் மைக்கேல் ஹிங்சன் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர். இன்குபேட்டரில் அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் கொடுத்ததில் பார்வை போய்விட்டது. அந்தக் காலத்தில் அப்படிப் பல குழந்தைகளுக்கு நேர்ந்தது. முதல் வழிகாட்டி நாய் அவருக்குக் கிடைத்தபோது வயது 14. ரோசெல் ஐந்தாவது. 2001இல் அவர் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் மேலாளர்.

ரோசெல்லுக்கு இடி என்றால் பயம். செப்டம்பர் 10ஆம் தேதி இரவு நியூ ஜெர்சியில் இடி இடித்தது. அவள் நடுங்கிக்கொண்டு அவரை எழுப்பிவிட்டாள். நள்ளிரவில் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய், இடி ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை வழக்கம்போல அலுவலகத்தில் மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். 8:46க்கு விமானம் மோதியது. கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகு நிமிர்ந்தது. உடன் வேலை பார்த்தவர் ஜன்னலுக்கு வெளியே தீயையும் எரிந்து விழும் காகிதங்களையும் பார்த்து, உடனே ஓட வேண்டும் என்று கத்துகிறார். ஹிங்சன் குனிந்து நாயைக் கவனிக்கிறார். இடிக்கு நடுங்குகிற அதே ரோசெல் நடுங்கவில்லை. மூச்சு வாங்கவில்லை, இழுக்கவில்லை. இவளுக்குத் தெரிகிற அளவில் இந்த அறைக்குள் ஆபத்து இன்னும் வரவில்லை, ஆகவே ஒழுங்காக இறங்க நேரம் இருக்கிறது என்று அவர் முடிவு செய்கிறார். அன்று அலுவலகத்துக்கு வந்திருந்த விருந்தாளிகளை முதலில் படிக்கட்டுக்கு அனுப்புகிறார். மனைவிக்கு போன் செய்கிறார். பிறகுதான் கிளம்புகிறார்.

டீச்சர், எனக்கு இந்த இடம்தான் முக்கியம். வழிகாட்டி நாய் மனிதனை இழுத்துக்கொண்டு போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. போகும் இடம் நாய்க்குத் தெரியாது. வழி மனிதன் தலையில் இருக்கிறது. முன்னே, இடது, வலது என்று அவர்தான் சொல்ல வேண்டும். நாயின் உடம்பில் மாட்டிய வார்ப்பட்டையில் விறைப்பான ஒரு கைப்பிடி இருக்கும். அதன் வழியாக நாயின் ஒவ்வொரு அசைவும் அவர் கைக்கு வந்து சேரும். பள்ளம், படி, தலைக்கு இடிக்கிற மாதிரி தாழ்ந்து தொங்கும் கிளை, குறுக்கே வரும் வண்டி, இதையெல்லாம் பார்த்து நிற்பது நாயின் பொறுப்பு. மனிதன் 'போ' என்று சொன்னாலும், போனால் ஆபத்து என்றால் நாய் போகக் கூடாது. கீழ்ப்படியச் சொல்லிக் கொடுத்துவிட்டு, எங்கே கீழ்ப்படியக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பயிற்சியில் ஆகக் கடினமான பகுதி அதுதான்.

ஹிங்சன் தன் பங்கு வேலையை முன்பே செய்து வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தின் வெளியேறும் வழிகளை எல்லாம் நடந்து நடந்து மனப்பாடம் செய்திருந்தார். அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் போக அவரால் முடியாதே. அவர் கணக்குப்படி 1,463 படிகள். ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் ஆனது. படிக்கட்டில் விமான எரிபொருள் வாடை. தீக்காயம் பட்டவர்களுக்கு வழிவிட மற்றவர்கள் சுவரோடு ஒண்டி நின்றார்கள். பாதிக்கு மேல் இறங்கியபோது தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமையோடு எதிரே ஏறி வந்தார்கள். துணைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், நண்பர் கூட இருக்கிறார் என்று இவர் சொன்னார். சிலர் ஒரு நொடி நின்று ரோசெல்லைத் தடவிக் கொடுத்தார்கள். அவள் அவர்கள் கையை நக்கினாள். அப்புறம் மேலே போனார்கள். அன்று நியூயார்க் தீயணைப்புத் துறையில் 343 பேர் இறந்தார்கள். அந்த வீரர்களில் பலருக்குக் கடைசியாகக் கிடைத்த அன்பு அதுவாக இருக்கலாம் என்று ஹிங்சன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு, 9:59க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தது. புழுதி வந்து மூடிக்கொண்டது. பார்வை உள்ளவர்களுக்கும் ஒன்றும் தெரியாத நேரம். ஹிங்சன் விசுவாசி. கட்டடத்திலிருந்து கொண்டுவந்து விட்டு, இப்போது இன்னொரு கட்டடத்தைத் தலையில் போடுகிறாயே என்று கடவுளிடம் கேட்டதாகச் சொல்கிறார். உன் கையில் இல்லாததை விட்டுவிடு, ரோசெல்லோடு ஓடுவதில் மட்டும் கவனம் வை என்று உள்ளுக்குள் பதில் கேட்டதாம். ஓடினார். பக்கவாட்டில் ஏதோ திறப்பு இருப்பதை உணர்ந்து வலது என்றார். அவள் திரும்பினாள், ஒரு அடி வைத்தாள், நின்றுவிட்டாள். எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. காலை நீட்டித் தடவிப் பார்த்தால், கீழே இறங்கும் படிகள். சுரங்க ரயில் நிலையத்தின் வாசல். தொண்டையும் கண்ணும் புழுதியால் அடைத்திருந்த நேரத்திலும் அவள் படிக்கட்டின் விளிம்பில் நின்றாள், தினமும் நிற்பது போலவே.

உங்கள் வீட்டு மணி வாசல் படியில் குறுக்கே வந்து நின்றான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும் பெரிதாகவும் தெரிகிறது.

விசுவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று தாக்குதலில் இறந்தவர்கள் 2,977 பேர். அவர்களுக்கும் பிரார்த்தனை செய்ய ஆட்கள் இருந்தார்கள். ஆகவே, கடவுள் ஒரு நாயை அனுப்பி இந்த ஒருவரைக் காப்பாற்றினார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஹிங்சன் கேட்ட பதிலில் அவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. அந்த விசுவாசத்தை நான் முழு மனதோடு மதிக்கிறேன். அது டெய்சி கதையை நம்பி நிற்கவில்லை. உங்களுடையதும் அதை நம்பி நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. நின்றிருந்தால் கோபம் வந்திருக்காது.

நாயைத் தேவதூதர் ஆக்குவதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. ரோசெல்லைக் குட்டியாக எடுத்து வளர்த்தது ஒரு தன்னார்வக் குடும்பம். வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் அதுதான் வழக்கம். சில வாரக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், கடை, பஸ், படிக்கட்டு எல்லாவற்றுக்கும் பழக்கி, ஒரு வருஷத்துக்கு மேல் தங்கள் பிள்ளையைப் போல வளர்த்து, பிறகு பள்ளியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கப்போவது முதல் நாளே தெரியும். தெரிந்தே பாசம் வைக்கிறார்கள். பலர் அடுத்த குட்டியையும் வாங்கிப்போகிறார்கள். அதற்குப் பிறகு பயிற்சியாளர்களின் மாதக்கணக்கான உழைப்பு. வானத்திலிருந்து வந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் இத்தனை பேரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்தப் பள்ளிகளின் தொடக்கமே ஒரு கடிதம்தான். நாஷ்வில்லைச் சேர்ந்த மோரிஸ் ஃபிராங்க் ஆறு வயதில் ஒரு கண்ணையும் பதினாறு வயதில் மற்றதையும் விபத்துகளில் இழந்தவர். சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கிவந்த டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி வழிகாட்டி நாய்களைப் பற்றி 1927இல் எழுதிய கட்டுரையை அவருடைய அப்பா வாசித்துக் காட்ட, எனக்கு ஒரு நாய் பழக்கிக் கொடுங்கள் என்று எழுதிப் போட்டார். 1928இல் அங்கே போய் பட்டி (Buddy) என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு திரும்பினார். 1929இல் அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி உருவானது. கேட்கும் காதும் காணும் கண்ணும் ஆண்டவர் படைத்தவை என்று நீதிமொழிகளில் வருமே, அந்த வசனத்திலிருந்துதான் அதற்குப் பெயர் எடுத்தார்கள்: சீயிங் ஐ.

இனி குட்டி விஷயம். பட்டி 1938இல் இறந்தாள். ஃபிராங்க் அடுத்த நாயை வாங்கி அதற்கும் பட்டி என்றே பெயர் வைத்தார். வாழ்நாளில் ஆறு நாய்கள், ஆறும் பட்டி. ஹிங்சன் வீட்டில் கதை வேறு மாதிரி. ரோசெல்லுக்கு 2004இல் ரத்தத் தட்டணுக்களை அழிக்கும் நோய் வந்தது. 2007இல் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அதே வீட்டிலேயே இருந்தாள். அவள் கண்முன்னே இன்னொரு நாய் அந்த வார்ப்பட்டையைப் போட்டுக்கொண்டு அவரோடு வேலைக்குப் போனது. 2011 ஜூனில், 13 வயதில், ரோசெல் இறந்தாள். அவளை மறந்துதான் அவர் அடுத்த நாயை ஏற்றுக்கொண்டார் என்று யாரும் சொல்ல முடியாது. ஊர் ஊராகப் போய் அவள் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பவரே அவர்தான். அவருக்குத் தெருவில் நடக்க நாய் வேண்டியிருந்தது, அதனால் தள்ளிப்போட வழியில்லை. உங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அந்த வித்தியாசம் உண்மையானது.

ஆகவே இன்னும் மனம் வரவில்லை என்றால் மகனிடம் அப்படியே சொல்லுங்கள். ஆனால் துரோகம் என்ற காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மணி உங்கள் கணவரோடு இருந்த நாய். வருகிற குட்டிக்கு அவரைத் தெரியாது, அந்தப் படியையும் தெரியாது. அது உங்களோடு இருக்கப்போகிற நாய். வருகிற முதல் வாரமே செருப்பைக் கடிக்கும், ராத்திரி ஊளையிடும், உங்களைத் தூங்க விடாது. மகன் அதற்கும் வந்து இருப்பானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.