40 வயதில் இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

மூத்த பெண் ஒன்பதாவது படிக்கிறாள், இப்போது பெற்றுக்கொண்டால் உடம்பு தாங்குமா, ஊர் சிரிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மகன் பிறந்தபோது வயது 41. மகள் அப்போது பத்தாவது.

நாள் தள்ளிப்போனதும், சரி, மாதவிலக்கு நிற்கிற வயது வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தலைசுற்றலா? காட்பாடியில் கத்திரி வெயிலில் யாருக்குத்தான் சுற்றாது! மே மாதக் கடைசியில்தான் டாக்டரிடம் போனேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள். 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். குழந்தையின் பிடரியில் நீர் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைகளுக்கு வாய்ப்பு உண்டா என்று பார்க்கிற ஸ்கேன் அது. பிறவியிலேயே மூளை, உடல் வளர்ச்சியைப் பாதிக்கிற அந்த டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு வரும் வாய்ப்பு, தாய்க்கு 35 வயதில் சுமார் 350-ல் ஒன்று என்றால், 40-ல் சுமார் 100-ல் ஒன்று. "அப்ப 99 நல்லாத்தானே இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். எனக்கு ராத்திரியெல்லாம் அந்த ஒன்றுதான். ஸ்கேனில் பயப்பட எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது.

ஊர் சிரிக்கத்தான் செய்யும். பத்து நாள் சிரிக்கும், அப்புறம் வேறு கதை கிடைத்துவிடும். நான் கோட்டைவிட்டது மகளிடம். வெட்கத்தில் ஐந்து மாதம் வரை அவளிடம் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அவளைப் பிடித்து, "இன்னாடி, தம்பி வோணுமா தங்கச்சி வோணுமா?" என்று கேட்டுத்தான் அவளுக்கே தெரிந்தது. ஒரு வாரம் என்னோடு பேச்சே இல்லை. குழந்தை வருவதில் அவளுக்குக் கோபமில்லை. "தெருவுக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் சொல்லல" என்பதுதான். அதனால் டாக்டருக்கு அடுத்தபடி உங்கள் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.

காலாண்டு விடுமுறையில் அவளாகவே என்னோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்பி வந்தாள். ஆறாம் மாதச் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். பாதி டம்ளரிலேயே குமட்டியது. "வாந்தி எடுத்தா இன்னொரு நாள் முதல்லருந்து வரணும்மா" என்று நர்ஸ் சொல்ல, இவள் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் மூக்கருகே பிடித்தாள். போனில் நேரம் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அறிவியல் புத்தகத்தைப் பிரித்தாள்.

140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு 162. அன்று சாயங்காலம் நாத்தனார் ஆற்காட்டிலிருந்து வாங்கிவந்த மக்கன் பேடா டப்பாவை, நான் மூடியைத் திறப்பதற்குள் மகள் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.