தண்டுவடக் காயத்துக்குப் பின் மலம் கழிப்பதை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது?

பண்ருட்டிப் பக்கத்தில் பலா மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் டி12 (மார்புப் பகுதியின் கடைசி எலும்பு) முறிந்த உங்கள் அண்ணனுக்கு நான்கைந்து நாள் மலமே வருவதில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய் கொடுத்தால் அன்று முழுதும் படுக்கையிலேயே போய்விடுகிறது என்றும், கீரையும் பழமும் கூட்டியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் கடலூரில் வசிப்பவன். சாலை விபத்தில் அதைவிட மேலே, டி4 அளவில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மருத்துவன் அல்லன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் விளக்கெண்ணெயை நிறுத்துங்கள். தண்டுவடம் அடிபட்டாலும் குடலுக்கென்று உள்ள நரம்பு வலை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மூளையிலிருந்து நேரே வரும் வேகஸ் நரம்புக்கும் சேதமில்லை. மந்தமாவது பெரும்பாலும் பெருங்குடல். அதிலும் அதன் பிற்பகுதியும் மலக்குடலும்தான். மலம் வந்து நிற்கிறது என்ற செய்தி மேலே போவதில்லை, ஆசனவாய்த் தசைக்கு மூளையின் கட்டளையும் வருவதில்லை. இந்த நிலையில் பேதி மருந்து சிக்கலே இல்லாத சிறுகுடலைக் கலக்கி, யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத நேரத்தில் எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது. நமக்கு வேண்டியது அதிகமாக வருவதன்று, குறித்த நேரத்தில் வருவது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கீழே மலம் கல்லாக அடைத்திருக்கும்போது நீர் மட்டும் பக்கவாட்டில் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி, அதை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைக் கொடுத்துவிட்டால் அடைப்பு இன்னும் இறுகிவிடும்.

அடுத்ததுதான் முக்கியம், ஆனால் பல வீடுகளில் இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இந்தக் குடல் இரண்டு வகைப்படும். தண்டுவடத்தின் கீழ் நுனிக்கு மேலே அடிபட்டிருந்தால் ஆசனவாய் இறுகி நிற்கும். ஆனால் மலக்குடலைத் தூண்டினால் தானாகத் தள்ளும் அனிச்சைச் செயல் பிழைத்திருக்கும். நுனியிலோ அதற்குக் கீழுள்ள நரம்புக் கற்றையிலோ அடிபட்டிருந்தால் அந்த அனிச்சையும் போய், ஆசனவாய் தளர்ந்துவிடும். மலக்குடலை ஆளும் எஸ்2 முதல் எஸ்4 வரையிலான தண்டுவடப் பிரிவுகள், எலும்புக் கணக்கில் ஏறத்தாழ டி12, அதற்கு அடுத்துக் கீழே உள்ள எல்1 ஆகியவற்றின் உயரத்திலேயே இருக்கின்றன. ஆகவே எக்ஸ்ரேயில் உள்ள எண்ணை வைத்து அண்ணன் எந்த வகை என்று முடிவு செய்ய இயலாது. மருத்துவர் விரலால் சோதித்து, ஆசனவாயின் ஓரத் தோலைத் தொட்டால் அது சுருங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். புதுச்சேரி ஜிப்மரின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையில் இதைக் கேட்கலாம்.

நான் முதல் வகை. காலையில் சூடாகத் தேநீரும் இரண்டு இட்லியும் சாப்பிட்டு, அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுவேன். உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் அசையும் இயல்பைப் பயன்படுத்திக்கொள்வதே நோக்கம். 10 மில்லிகிராம் பிசாகோடில் சப்போசிட்டரியை (ஆசனவாய் வழியாக உள்ளே வைக்கும் மருந்தை) மலக்குடலின் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். மலத்துக்குள் செருகினால் அது வீண். முன்னால் மலம் நின்றால் அதை எடுத்துவிட்டே வைக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து, நகம் வெட்டிய விரலில் கையுறை அணிந்து, ஜெல்லி தடவி, உள்ளே அரை நிமிடம் மெதுவாக வட்டமாகச் சுழற்றினால் தசை விட்டுக்கொடுக்கும். ஐந்து பத்து நிமிட இடைவெளியில் மறுபடியும் செய்யலாம். தினமும் செய்தாலும் ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தாலும், நேரம் மட்டும் மாறக் கூடாது.

அண்ணன் இரண்டாம் வகை என்றால் சப்போசிட்டரியும் விரல் சுழற்சியும் பெரிதாக உதவா. விரலால் எடுப்பதுதான் வழி. தினமும் ஒரு முறை, சிலருக்கு இரு முறை. தளர்ந்த ஆசனவாய் இளகிய மலத்தைத் தாங்காது என்பதால் மலம் சற்றுக் கெட்டியாகவே இருக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் விளக்கெண்ணெய் இவர்களுக்குத்தான் கூடுதல் கேடு. அண்ணனுக்குக் கைகள் நன்றாக இருப்பதால், கூச்சத்தை ஒதுக்கிவிட்டு இதை அவரே செய்யக் கற்றுக்கொள்வது நல்லது. பிறர் கையை எதிர்பார்த்திருந்தால் வேளை தவறும்.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மந்தமான குடலில் நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், மலம் மேலும் தேங்கும்; சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், வலிக்குத் தரும் டிரமடால், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை மலத்தைக் கட்டும் என்பதால் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். கமோடு நாற்காலியின் கடினமான விளிம்பில் நெடுநேரம் உட்கார்ந்தால் படுக்கைப் புண் வரும். மெத்தை வைத்த இருக்கையே வாங்குங்கள். உட்கார முடியாத நாளில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துச் செய்யலாம்.

டி6 அல்லது அதற்கு மேல் அடிபட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். நிரம்பிய குடலாலோ விரல் சோதனையாலோ நம் இரத்த அழுத்தம் திடீரென ஏறலாம்; மண்டை தெறிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். நமக்கு வழக்கமான மேல் அளவு 90, 100 தான் என்பதால், மற்றவருக்குச் சாதாரணமான 130 கூட நமக்கு அபாயக் குறி. உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, ஆடையைத் தளர்த்தி, முதலில் சிறுநீர் வெளியேறப் போட்டிருக்கும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லி தடவிச் சில நிமிடம் பொறுத்தே மலக்குடலைத் தொட வேண்டும். அழுத்தம் இறங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொடங்கிய முறையை இரண்டு நாளில் மாற்றாதீர்கள்; சில வாரம் விட்டுப் பாருங்கள், மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, இரத்தம் தொடர்ந்து போனாலோ காத்திருக்க வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் கழுவும் கருவி, அதுவும் பயன்படாதவர்களுக்கு வயிற்றில் வழி அமைக்கும் கொலாஸ்டமி அறுவை ஆகியவை உண்டு. கொலாஸ்டமி என்றதும் வீட்டில் அழுகிறார்கள். அதைச் செய்துகொண்டபின் காலைப் பொழுது திரும்பக் கிடைத்தது என்று சொல்பவர்களையும் நான் அறிவேன்.