ஓஷியானோ மணல்மேடுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் கலிஃபோர்னியாவில் மகன் வீட்டில் இருந்தபோது பிஸ்மோ பீச் பக்கம் கூட்டிப்போனான். கடலலை நனைத்த மணலிலேயே கார்கள் வரிசையாகப் போகின்றன. கொஞ்சம் தெற்கே தள்ளிப் போனால் மணல்மேடு முழுக்க ஏடிவிகளும் டியூன் பகிகளும், மணலில் ஓட்டவே செய்த தடித்த சக்கர வண்டிகள். ஒரு பக்கம் பறவை முட்டையிட வேலி, அதை ஒட்டியே வண்டி. இது மாநில அரசின் பூங்கா என்றான். இயற்கையைக் காக்க வேண்டிய துறை இப்படி ஓர் இடத்தை எப்படி உருவாக்கியது? பேசாமல் மூடிவிட்டால் என்ன?

எஸ்.ஆர்., மதுரை

அன்புள்ள எஸ்.ஆர்.,

நீங்கள் போனது ஓஷியானோ டியூன்ஸ். நானும் அங்கே நின்று இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன், அதனால் உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூங்கா வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அங்கே வண்டி வந்துவிட்டது, கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அலை வடிந்த பிறகு அந்தக் கடற்கரை மணல் தார்ச்சாலை மாதிரி இறுகிக் கிடக்கும். கார் என்ற ஒன்று வந்த காலத்திலிருந்தே அதில் ஓட்டிப் பார்க்க ஆள் வந்துகொண்டிருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனைவணிகர்கள் இந்த மேடுகளையே 'லா கிராண்ட்' என்று பெயர் வைத்து மனை மனையாக வெட்டி விற்றிருக்கிறார்கள். காற்றுக்கு நகர்கிற மணலில் வீடு நிற்குமா? நகரம் எழவில்லை. அந்த 584 ஏக்கர் பின்னாளில் சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டியின், நம் மாவட்டம் மாதிரி, சொத்தானது, இன்றைக்கும் வண்டி ஓடும் பரப்பில் அது ஒரு பெரிய துண்டு. நடுவில் 1930-களில் ஓவியர்களும் கவிஞர்களும் ஜோதிடர்களும் இதே மேடுகளில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள், டியூனைட்கள் என்று பெயர், நம் மெஹர் பாபாகூட அவர்களிடம் வந்து தங்கிப் போயிருக்கிறார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் மலிவாகக் கிடைத்தன. அப்புறம் 1964-இல் புரூஸ் மேயர்ஸ் ஃபோக்ஸ்வேகன் பாகங்களின்மேல் ஃபைபர் கிளாஸ் உடலைப் பொருத்தி டியூன் பகி ஒன்றைச் செய்தார், 1970-இல் ஹோண்டாவின் மூன்று சக்கர வண்டி விற்பனைக்கு வந்தது. அதுவரை ஜீப் வைத்திருந்த சிலரின் பொழுதுபோக்காக இருந்தது, இப்போது சாதாரணக் குடும்பங்களின் வாரக்கடைசியாக மாறிவிட்டது. பாலைவனம், மலைச்சரிவு, கடற்கரை என்று எல்லா இடத்திலும் சக்கரத்தடம். தடுக்கச் சட்டம் கிடையாது, ஓட்ட என்று தனியிடமும் கிடையாது.

1971-இல் கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். யூஜீன் சாப்பி குடியரசுக் கட்சிக்காரர், வண்டிக்காரர்கள் பக்கம் நின்றவர். எட்வின் ஸீபெர்க் ஜனநாயகக் கட்சி, இயற்கைப் பாதுகாப்புக்காகப் பேசியவர். வண்டிக்குப் பதிவு வேண்டும், பதிவுக்குக் கட்டணம் வேண்டும், அந்தப் பணத்தில் ஓட்டுவதற்கு இடம் ஒதுக்க வேண்டும், மற்ற இடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். பதிவுக் கட்டணம், நுழைவுக் கட்டணம், பெட்ரோல் வரியில் ஒரு பங்கு என்று வண்டிக்காரர்களிடமிருந்து வரும் பணம்தான் இந்தப் பூங்காக்களை நடத்துகிறது. இதை நான் நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். 1975-இல் ஹாலிஸ்டர் ஹில்ஸ் இந்த வகையில் முதல் மாநிலப் பூங்கா ஆனது. 1982-இல் பிஸ்மோ டியூன்ஸ், இன்றைய ஓஷியானோ டியூன்ஸ், இந்த வரிசையில் சேர்ந்தது.

பூங்கா மொத்தம் சுமார் 3,600 ஏக்கர், அதில் ஏறக்குறைய 1,500 ஏக்கரைத்தான் வண்டிக்கு விட்டார்கள். நீங்கள் பார்த்த அந்த மணல்வெளி, வேலி போட்டுச் சுருக்கிய பிறகு மிஞ்சியது! ஆனால் அதே 1982-இல் கடலோரத்தில் எதற்கும் அனுமதி தர வேண்டிய மாநில அமைப்பான கரையோர ஆணையம் கொடுத்த அனுமதியில் நுழைவாயிலும் வண்டி இறக்கும் இடமும் தற்காலிக ஏற்பாடு என்றுதான் இருந்தது. நிரந்தர இடத்தைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. இந்தப் பூங்காவின் பிற்காலச் சண்டைகளில் பாதி இந்த ஒரு சொல்லிலிருந்து வந்தவை என்பது என் எண்ணம்.

1993-இல் மேற்குக் கரையின் ஸ்னோயி ப்ளோவர் என்ற சின்னக் கடற்கரைப் பறவை அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அறிவிக்கப்பட்டது. கோடிக்கரைக்குக் குளிர்காலத்தில் வருகிற கெண்டிஷ் உப்புக்கொத்தியைப் பார்த்திருந்தால் இதையும் பார்த்த மாதிரிதான், 2011 வரை இரண்டையும் ஒரே இனம் என்றே வைத்திருந்தார்கள். வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடும், முட்டையும் மணல் நிறம். அதனால்தான் மார்ச் முதல் செப்டம்பர் வரை அந்த வேலி.

அதைவிடப் பெரிய சிக்கல் தூசு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கடலை ஒட்டிய முதல் மேட்டில் செடி பிடித்திருந்தால் காற்று அங்கேயே தளரும். சக்கரம் அந்தச் செடியைப் பிடிக்கவிடுவதில்லை. வசந்தகால மதியங்களில் வடமேற்குக் காற்று தடையில்லாமல் மணலைத் துள்ளவைத்து, நுண்தூசைக் கிளப்பி, உள்ளே தள்ளியிருக்கும் நிப்போமோ மேசா என்ற மேட்டுநிலத்தில் இருக்கிற வீடுகள் வரை கொண்டுபோகிறது. அங்கே வயதானவர்களும் குழந்தைகளும் மூச்சிழுக்கிற காற்று அது. வறண்ட மணல்மேட்டில் இயற்கையாகவே தூசு எழும் என்கிறார்கள் வண்டிக்காரர்கள், எழும்தான், ஆனால் இவ்வளவு எழுவதற்குச் சக்கரமும் காரணம். 2018-இல் தூசைப் பாதியாகக் குறைக்க, பூங்காத் துறையும் ஒப்புக்கொண்ட ஓர் உத்தரவு வந்தது, கடலோரமாக 48 ஏக்கரை அடைத்துச் செடி நட்டார்கள்.

2021 மார்ச்சில் கரையோர ஆணையம் நீங்கள் கேட்டதையே முடிவு செய்தது. மூன்று ஆண்டுகளில் மணல்மேட்டு ஓட்டம் நிற்க வேண்டும், ஒருமனதாக. வண்டிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2023-இல் நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது, ஓட்டம் தொடர்ந்தது.

சரி, மூடலாமா? மூன்று தலைமுறையாகத் தாத்தா, அப்பா, பேரன் என்று கூடாரம் போடுகிற குடும்பங்கள் அவை, அவர்களை நான் வில்லனாக்க மாட்டேன். ஆனால் ஓட்டுகிறவர் வேறு இடத்துக்குப் போக முடியும், ஹாலிஸ்டர் இருக்கிறது, இன்னும் சில இருக்கின்றன. மேசாவில் வீடு வைத்திருப்பவரும் உப்புக்கொத்தியும் எங்கே போவார்கள்? கடலை ஒட்டிய முதல் மேடு முழுவதையும் வேலிக்குள் கொண்டுவர வேண்டும், அப்படிச் செய்யும்போது ஓட இடமே மிஞ்சாது என்றால் மிஞ்ச வேண்டாம் என்பதே என் பக்கம்.

அடுத்த முறை போனால் மகனிடம் சொல்லி ஓஸோ ஃபிளாக்கோ ஏரி வழியாகப் போங்கள். அதுவும் இதே பூங்காதான், தெற்குப் பக்கம். 1982-க்கு முன் அங்கேயும் வண்டிகள் ஓடின. இப்போது ஏரியைக் கடந்து ஒரு மரநடைபாதை கடல்வரை போகிறது, மேடுகளில் செடி பிடித்திருக்கிறது, பூக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், மதியமானால் காற்று ஏறிவிடும்.

அன்புடன்