ஸ்வெட்டர் பின்னும்போது கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) கூட்ட, புதிதாகக் கற்பவருக்கு ஏற்ற எளிய முறை எது?

ஒரே கண்ணியில் முன்னும் பின்னுமாக இரண்டு முறை பின்னுவதுதான். நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டுவது இன்னும் சுலபம். ஆனால் அங்கே ஓட்டை விழும். லேஸ் வேலைக்கு அது அழகு. ஜூலை மாத ஜோகன்னஸ்பர்க் குளிருக்கு ஆகாது.

வலது ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலைச் சுற்றி, புது வளையத்தை இழுங்கள். இதுவரை சாதாரண நிட், அதாவது நேர்ப்பின்னல். பழக்கதோஷத்தில் கை பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து தள்ளிவிடப் பார்க்கும், விடாதீர்கள். வலது ஊசியின் முனையைப் பின்பக்கம் கொண்டுபோய், அதே கண்ணியின் பின்காலில் (வளையத்தில் ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதியில்; முன்னால் இருப்பது முன்கால்) வலமிருந்து இடமாக நுழைத்து இன்னொரு வளையம் எடுங்கள். இப்போது பழையதை இறக்கலாம். ஒன்று இரண்டாகியிருக்கும். ஊசி பின்னால் நுழைய மறுத்தால் உங்கள் பின்னல் இறுக்கம் என்று பொருள்.

இரண்டாவது கண்ணியின் கழுத்தில் குறுக்கே ஒரு சிறு முடிச்சு தெரியும், பர்ல் (மறுபக்கப் பின்னல்) போட்டதுபோல. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது எண்ணிக்கைக் குறி. கைப்பகுதியில் இரு ஓரமும் ஒத்திருக்க வேண்டுமானால், தொடக்கத்தில் முதல் கண்ணியிலும் முடிவில் கடைசிக்கு முந்தைய கண்ணியிலும் கூட்டுங்கள். முடிச்சு இரு பக்கமும் ஓரத்திலிருந்து இரண்டாவதாக விழும்.

பழகுவதற்கு ஸ்வெட்டர் வேண்டாம், ஒரு சதுரம் போதும். இங்கே மண்டேலாவின் பிறந்தநாளான ஜூலை 18ஐ ஒட்டி, தானம் கொடுக்கப் போர்வை பின்னுவார்கள். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில் எனக்குக் கற்றுத்தந்த எதிர்வீட்டு ஆயாவும் அந்தக் கூட்டம்தான். பேச்செல்லாம் ஆங்கிலம், கண்ணி எண்ணுவது மட்டும் தமிழில். அவர் சதுரத்தை மூலையிலிருந்து தொடங்குவார்: மூன்று கண்ணிகள், எல்லா வரிசையும் நிட், ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒன்று கூட்டல். இந்தப் பின்னலில் இரண்டு வரிசையின் உயரம் ஏறக்குறைய ஒரு கண்ணியின் அகலம். அதனால் மூலை தானாகவே செங்கோணமாக வரும். முடிச்சும் மேடுகளுக்குள் மறைந்துவிடும். ஓரம் 20 செ.மீ. ஆனதும், வரிசைத் தொடக்கத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இப்படி 64 சதுரங்களை எட்டுக்கு எட்டாக இணைத்தால் 160 செ.மீ. போர்வை.

நூலுக்கு வெளிர் நிற டபுள் நிட் (நடுத்தரத் தடிமன் நூல்), ஊசிக்கு 4 மி.மீ. உலக மோஹேரில் (அங்கோரா ஆட்டு ரோமத்தில்) ஏறக்குறையப் பாதி தென்னாப்பிரிக்காவில்தான் விளைகிறது, கடையில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்; தவறினால் பிரிப்பது பெரும்பாடு. முன்கால் எது, பின்கால் எது என்று கண் பழகும்வரை அதை வாங்காதீர்கள்.