ஸ்கேனில் சிறுநீரக வீக்கம்: மனையை இப்போதே விற்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு இப்போது 26 வாரம். 21ஆம் வார ஸ்கேனில் குழந்தையின் இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருப்பதாகச் சொல்லி, 6 மி.மீ. என்று எழுதிக் கொடுத்தார்கள். வலது பக்கம், சிறுநீர்ப்பை, பனிக்குட நீர் எல்லாம் சரியாக இருக்கிறதாம். 32ஆம் வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். எட்டு மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகை ஒரே ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கிறது. வீட்டுக் கடனுக்குத் தவணை போக மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகவும் கட்டுகிறோம். ஆபரேஷன் என்றால் பெரிய தொகை ஆகும், மனையை இப்போதே விற்றுவிடு என்கிறார் என் அண்ணன். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன். புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்தால் இந்த ஸ்கேன் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: மனையை விற்க வேண்டாம். வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். ஸ்கேனை மறைக்கவும் வேண்டாம்.

முதலில் அந்த 6 மி.மீ. பற்றி. சிறுநீரகத்தில் சிறுநீர் வந்து சேரும் இடத்தை ரீனல் பெல்விஸ் என்பார்கள். அதன் முன்-பின் அளவுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ.க்குக் கீழே, அதற்குப் பிறகு 7 மி.மீ.க்குக் கீழே இருந்தால் சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுடையது லேசான வகை. இந்த வகை பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்போ, பிறந்து ஓரிரு வருடத்துக்குள்ளோ தானாகவே சரியாகிவிடுகிறது. வைத்தியத்தை உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். எனக்கு இந்த விவரம் தேவைப்படுவது, பணம் எப்போது வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடத்தான்.

அந்தக் கணக்கு இப்படிப் போகும். 32ஆம் வாரம் ஒரு ஸ்கேன். பிறந்த பிறகு ஒன்று, அதுவும் பொதுவாக 48 மணி நேரம் கழித்து. முதல் இரண்டு நாளில் குழந்தையின் உடம்பில் நீர் குறைவாக இருப்பதால், வீக்கம் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியலாம். அப்புறம் சில மாத இடைவெளியில் இன்னொன்று. வீக்கம் கூடினால்தான், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரீனோகிராம், சிறுநீர் பின்னோக்கி ஏறுகிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே போன்ற பரிசோதனைகள். ஒரு பக்க அடைப்புக்கு ஆபரேஷன் தேவைப்பட்டாலும், பெரும்பாலும் தேதி குறித்துச் செய்வதுதான். ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியது அல்ல. உங்கள் அண்ணன் பயப்படும் அந்தப் பெரிய தொகை, வந்தாலும் மாதக்கணக்கில் அவகாசம் கொடுத்துத்தான் வரும். அவசரத்துக்கு விற்கும் மனை அடிமாட்டு விலைக்குத்தான் போகும் என்பதை நான் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு மாறுவது சில நிலைகளில்தான்: 32ஆம் வாரத்தில் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தாலோ, பனிக்குட நீர் குறைந்திருந்தாலோ, சிறுநீர்ப்பை பெரிதாகத் தெரிந்தாலோ. அப்போது பச்சிளங்குழந்தைகளுக்கான ஐசியூவும் குழந்தைகள் சிறுநீரக நிபுணரும் உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கச் சொல்வார்கள், பணமும் பிரசவ நாளிலேயே கையில் இருக்க வேண்டும். அந்த ஸ்கேன் முடிந்ததும் டாக்டரிடம் இதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

இனி காப்பீடு. உங்கள் விஷயத்தில் மனையைவிடப் பெரிய சொத்து இதுதான். உங்கள் அலுவலகத்திலும் கணவர் அலுவலகத்திலும் குழுக் காப்பீடு இருக்கிறதா பாருங்கள். தனியாக எடுக்கும் பாலிசிகளில் காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அதாவது குறிப்பிட்ட காலம் வரை சில செலவுகளுக்குப் பணம் தர மாட்டார்கள். நிறுவனக் குழுக் காப்பீட்டில் பல நேரம் அது இருக்காது. நீங்கள் வேலையை விட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். யாருடைய திட்டம் குழந்தைக்கு நல்லதோ அதில் பெயர் சேர்ந்து, உறுதிக் கடிதம் கைக்கு வரும்வரை இருவருமே வேலை மாற வேண்டாம்.

பாலிசி காகிதத்தில் சில வரிகளைத் தேடிப் பாருங்கள். குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா, சில வாரம் கழித்தா? எத்தனை நாளுக்குள் பெயர் சேர்க்க வேண்டும்? பிறவிக் குறைபாடு என்ற சொல் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா? குழந்தையின் சிகிச்சை, மகப்பேறுக்கான உச்சவரம்புக்குள் அடங்குமா, தனியா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிரசவச் செலவிலேயே அந்த வரம்பு தீர்ந்துபோய், குழந்தையின் பில் கைக்காசில் வந்து நிற்கும். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள்; ஈமெயிலில் கேட்டுப் பதிலை எடுத்து வையுங்கள். பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம். பெயர் முடிவாகும் முன்பே கெடு ஓடிப்போவது உண்டு.

புதுப் பாலிசி விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் ஸ்கேன் விவரத்தை எழுதியே ஆக வேண்டும். 21ஆம் வார ரிப்போர்ட்டில் தேதி இருக்கிறது. ஆஸ்பத்திரி கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில், கர்ப்பத்திலேயே சிறுநீரக வீக்கம் கண்டறியப்பட்டது என்று ஒரு வரி அநேகமாக வரும். க்ளெய்ம் பார்ப்பவர் முதலில் கண் வைப்பது அந்த வரியில்தான். மறைத்தது தெரிந்தால் இந்த க்ளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே போய்விடலாம்.

எந்தக் காப்பீடும் எல்லாவற்றையும் ஏற்காது. ஆஸ்பத்திரியில் சேராமல் எடுக்கும் ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ், போகவர ஆகும் செலவு, அதற்காகப் போடும் லீவு இவையெல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். இன்னொன்று: இப்படிப்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். தொற்று இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேரிடும். அதற்கு முன்பணம் கட்டும் அளவுக்குச் சேமிப்புக் கணக்கில் எப்போதும் பணம் இருக்கட்டும்.

பணத்தை எப்படி வைப்பது? எட்டு மாதச் செலவும் ஒரே டெபாசிட்டில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பகுதி தேவைப்பட்டாலும் முழுவதையும் உடைக்க வேண்டிவரலாம், வட்டியும் குறையும். பாதியில் உடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று வங்கியில் கேளுங்கள். பெரிதாக இல்லையென்றால் மூன்றாகப் பிரித்து, பிரசவத்தை ஒட்டி ஒன்று, குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போது ஒன்று, ஆறு மாதம் ஆகும்போது ஒன்று என முதிரும்படி போடுங்கள். வீட்டுக் கடனுக்குத் தவணையை மட்டும் கட்டுங்கள். கூடுதலாகக் கட்டுவதை இந்த மாதத்தோடு நிறுத்திச் சேமிப்புக் கணக்கில் விடுங்கள். கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுப்பது லேசான காரியம் இல்லை.

வேலையை விடும் யோசனைக்கு வருகிறேன். உங்கள் சம்பளம் ஆறு மாதம் நின்றால் எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஸ்கேன், பரிசோதனைச் செலவையெல்லாம் அது தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று நினைக்கிறேன். சம்பளமில்லா விடுப்பு கிடைத்தால், அந்தக் காலத்திலும் காப்பீடு தொடருமா என்று மனிதவளப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொடரும் என்றால் முதலில் விடுப்பு. ராஜினாமாவை இரண்டாவது ஸ்கேனுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும், தெரிந்த ஏஜென்ட் ஒருவர் குழந்தை பெயரில் சேமிப்பு பாலிசி கொண்டு வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வீட்டுக்கு முதலில் வேண்டியது உங்கள் கணவர் பெயரில் ஒரு டெர்ம் பாலிசி, அதாவது அவர் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை கிடைக்கும் ஆயுள் காப்பீடு. அதை அவர் இப்போதே எடுக்கலாம். நீங்கள் விண்ணப்பித்தால் பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போடும் நிறுவனங்கள் உண்டு, அதனால் உங்களுடையதைக் குழந்தை பிறந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.