குளத்துச் சேறு கறுத்து நாறுகிறது, குமிழியும் வருகிறது: என்ன செய்வது?

கேள்வி: மீன் வளர்க்கும் நன்னீர்க் குளம். ஆழமான இடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். தீவனம் விழும் மூலையில் அடிச்சேறு கன்னங்கரேல் என்று இருக்கிறது, கிளறினால் கூமுட்டை நாற்றம். மரநிழல் பக்கம் வாடையே இல்லாமல் குமிழி குமிழியாக வருகிறது. போன வாரம் மாலையில் வலை இழுத்தோம், விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒருவர் ஜிப்சம் போடச் சொல்கிறார், இன்னொருவர் பாக்டீரியா கரைசல் ஊற்றச் சொல்கிறார், மூன்றாமவர் சேற்றை நன்றாகக் கிளறிவிட்டால் வாயுவெல்லாம் போய்விடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்று பேரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இன்றைக்குத் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், இரவு முழுக்க ஏரேட்டர் (தண்ணீரில் காற்றேற்றும் கருவி) ஓடட்டும், சேற்றில் யாரும் கால் வைக்க வேண்டாம். அவசரத்துக்கு இது போதும். ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாற்றமும் குமிழியும் ஒரே வாயு இல்லை. குமிழியில் பெரும்பாலும் மீத்தேன். அதற்கு வாடை கிடையாது, தண்ணீரில் அவ்வளவாகக் கரையவும் கரையாது, அதனால் சேற்றுக்குள் சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறது. நாறுவது ஹைட்ரஜன் சல்பைடு. எடைக் கணக்கில் அது மீத்தேனைவிட நூறு மடங்குக்கும் மேல் கரையும், ஆகவே குமிழியாகக் கிளம்பாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதால், நாற்றத்தை வைத்து அளவை எடைபோட முடியாது.

இரண்டுக்கும் தீனி ஒன்றுதான், அடியில் போய்ச் சேரும் கரிமம். தின்னாமல் விட்ட தீவனம், மீன் கழிவு, செத்த பாசி, உதிர்ந்த இலை. இதைத் தின்னும் நுண்ணுயிர்கள் சுவாசிக்கவும் வேண்டும், அதாவது உணவிலிருந்து உருவிய எலக்ட்ரான்களை எதன் தலையிலாவது கட்டியாக வேண்டும். ஆக்சிஜன் கிடைத்தால் அதுதான் முதல், அதில்தான் ஆற்றல் அதிகம். ஆனால் கொழுத்த சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டரைத் தாண்டி இறங்காது. அதற்குக் கீழே நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, அப்புறம் சல்பேட் (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்தது) என்று படிப்படியாக ஆதாயம் குறைந்துகொண்டே போகும். சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வெளியே விடுவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. அதுவும் தீர்ந்த ஆழத்தில் மிச்சம் மீதியை வைத்துப் பிழைப்பவை மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள், பாக்டீரியா மாதிரியே இருக்கும் ஆனால் தனி வகையான நுண்ணுயிர்கள்.

இந்தக் கடைசி இரண்டு கூட்டத்துக்கும் நடுவில்தான் போட்டியே. கரிமம் சிதையும்போது கிடைக்கும் ஹைட்ரஜனும் அசிட்டேட்டும் இருவருக்கும் வேண்டும். சல்பேட் இருக்கும் வரை சல்பேட் கூட்டம், மீத்தேன்காரர்கள் பிழைக்கவே முடியாத அளவுக்கு இவற்றை வழித்துத் தின்றுவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது, நன்னீரில் பெரும்பாலும் சில பத்து மில்லிகிராமோ அதற்கும் குறைவோதான். அதனால் கரையோரக் கடல் வண்டலில் சிதையும் கரிமத்தில் சுமார் பாதியை சல்பேட் பாக்டீரியாக்களே தீர்த்துவிடுகின்றன. கடலடியில் ஆழத்திலிருந்து மேலே கசிந்து வரும் மீத்தேனைக்கூட ஒருவகை ஆர்க்கியாவும் சல்பேட் பாக்டீரியாவும் ஒட்டிக்கொண்டு கூட்டாகத் தின்றுவிடுகின்றன. அந்த ஜோடி ஒன்றாகக் கொத்துக் கொத்தாக இருப்பதை நுண்ணோக்கியில் காட்டியது 2000-ஆம் ஆண்டில்தான். இல்லையென்றால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும் அந்த வாயு கடலடியிலிருந்து இன்னும் எவ்வளவோ வெளியே வந்திருக்கும்.

உங்கள் மரநிழல் மூலை மீத்தேன்காரர்கள் கையில் இருக்கிறது. தீவன மூலை சல்பேட் கூட்டத்தின் கையில். இலையில் கந்தகம் குறைவு, தீவனத்தில் புரதம் அதிகம், புரதத்தில் கந்தகமும் கூடவே வரும். அது சிதையும்போது சல்பேட் வழியாகப் போகாமல் நேரடியாகவும் சல்பைடு வெளிவரும். நன்னீரில்தான் சல்பேட் குறைவாயிற்றே, அது சீக்கிரம் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். தீராது, ஏனென்றால் மேலே கசியும் சல்பைடை சேற்றின் மேற்பரப்பில் இன்னொரு கூட்டம் ஆக்சிஜனை வைத்து மறுபடி சல்பேட்டாக்கிக் கீழே அனுப்புகிறது. சின்னக் கைமுதலை வைத்து நாள் முழுக்கச் சுழற்றி வியாபாரம் பார்ப்பது மாதிரி.

கறுப்பு நிறத்துக்கு வருவோம். அது இரும்பு சல்பைடு, அதாவது சேற்றிலுள்ள இரும்பு பிடித்து வைத்திருக்கும் சல்பைடு. ஒரு கை கறுப்புச் சேற்றை வெள்ளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி வெளியில் வையுங்கள். கொஞ்ச நேரத்திலேயே ஓரங்கள் சாம்பலாகிப் பிறகு துருப் பழுப்பாக மாறினால் இரும்பு சல்பைடு. மறுநாளும் கறுப்பாகவே இருந்தால் வெறும் இலைமக்கு. இன்னொரு சோதனை, திறந்த வெளியில் ஒரு சிட்டிகைச் சேற்றில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். கட்டுண்டு கிடந்த சல்பைடு விடுபட்டு நாற்றம் குப்பென்று ஏறும். கறுத்த சேறு உடனே ஆபத்து என்று அர்த்தமில்லை, இரும்பு தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். இரும்பு தீர்ந்த பிறகுதான் சல்பைடு தண்ணீருக்குள் தாராளமாகக் கசியும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த இரும்பு சும்மா இருந்த இரும்பு இல்லை, பாஸ்பேட்டையும் அதுதான் பிடித்து வைத்திருந்தது. சல்பைடு வந்து இரும்பை இழுத்துக்கொண்டால் பாஸ்பேட் தண்ணீரில் கலக்கும், பாசி பொங்கும், அந்தப் பாசி செத்து அடியில் விழும், மறுபடி கரிமம், மறுபடி சல்பைடு. உங்கள் தண்ணீர் சமீபமாக அடர்பச்சையாகிவிட்டது என்றால் நீங்கள் ஏற்கெனவே இந்தச் சுழலுக்குள் இருக்கிறீர்கள்.

சரி, இப்போது அந்த மூன்று பேர்.

கிளறச் சொன்னவர்தான் இருப்பதிலேயே ஆபத்தானவர். 1 கிராம் ஹைட்ரஜன் சல்பைடு முழுக்க சல்பேட்டாக மாற ஏறக்குறைய 1.9 கிராம் ஆக்சிஜன் வேண்டும், இரும்பு சல்பைடும் தன் பங்குக்கு உறிஞ்சும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் தாங்கும் ஆக்சிஜனே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான். நீங்கள் மாலையில் வலை இழுத்துச் சேற்றைக் கலக்கினீர்கள், இரவில் பாசியும் ஆக்சிஜன் தராது, விடியலில் மீன் வாய் பிளந்தது. போதாக்குறைக்கு, சல்பைடு மீனின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுத்துவிடும், அதாவது தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் திணறும்.

ஜிப்சத்தின் எடையில் பாதிக்கும் மேல் சல்பேட். களிமண் கலங்கலைத் தெளிய வைக்கவும் கால்சியம் ஏற்றவும் அது நல்ல பொருள்தான், மீத்தேனைக்கூடக் குறைக்கும், ஆனால் கறுத்து நாறும் அடிச்சேற்றில் அதைக் கொட்டுவது சல்பேட் கூட்டத்துக்கு நீங்களே படியளப்பது. படிகாரம், அம்மோனியம் சல்பேட் உரம் இரண்டுக்கும் இதே கதைதான்.

பாக்டீரியா கரைசல் கெடுதல் இல்லை, பணம் வீண் என்பது என் கருத்து. சல்பைடைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உங்கள் குளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. சேற்றின் மேல் வெள்ளை ஒட்டடை மாதிரிப் படர்ந்திருப்பதைப் பார்த்திருந்தால் அது பெகியாட்டோவா என்ற அந்த வகை பாக்டீரியாவாக இருக்கலாம். 1887-இல் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியல் அறிஞர், கனிமப் பொருளிலிருந்தே ஆற்றல் எடுத்து ஓர் உயிர் வாழ முடியும் என்ற முடிவுக்கு வந்தது இதைப் பார்த்துத்தான். இன்னும் விசேஷம் கேபிள் பாக்டீரியா. ஆயிரக்கணக்கான செல்கள் சங்கிலியாகக் கோத்துச் சில சென்டிமீட்டர் நீளும், கீழே சல்பைடிலிருந்து எடுத்த எலக்ட்ரானை மின்கம்பி போல் மேலே ஆக்சிஜனுக்குக் கடத்தும். 2012-இல்தான் அடையாளம் கண்டார்கள், நன்னீர்ச் சேற்றிலும் உண்டு. இவற்றுக்கெல்லாம் குறை ஆள் பலம் இல்லை, ஆக்சிஜன். அதைக் கொடுக்காமல் இன்னும் நாலு பாட்டில் ஊற்றி என்ன பயன்? சில பாட்டில்களில் இருப்பது ஊதா நிற ஒளிச்சேர்க்கை பாக்டீரியா; அடர்பச்சைத் தண்ணீரின் அடியில் அதற்கு வெளிச்சமே போய்ச் சேராது.

ஆகவே வேலையைக் கரிமத்தில் தொடங்குங்கள். தீவனத்தை ஒரே மூலையில் கொட்டாமல் இடம் மாற்றுங்கள், மீன் தின்னும் அளவைப் பார்த்துப் போடுங்கள், இலை விழும் பக்கம் வலை கட்டுங்கள். ஏரேட்டர் அடித்தண்ணீரையும் மேல்தண்ணீரையும் கலக்க வேண்டும், ஆனால் சேற்றைத் தோண்டக்கூடாது, அதனால் அடியிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். விடியலில் தண்ணீரின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம்) பாருங்கள். 6 என்றால் கரைந்த சல்பைடில் பத்தில் ஒன்பது பங்கு நச்சான ஹைட்ரஜன் சல்பைடு வடிவில் இருக்கும், 7-இல் பாதி, 8-இல் பத்தில் ஒரு பங்குதான். 7-க்குக் கீழே இருந்தால் அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். நீற்றுச் சுண்ணாம்பைக் கொட்டி ஒரேயடியாக ஏற்றிவிட்டால் அம்மோனியா நச்சாக மாறும், அது இன்னொரு தலைவலி.

மீன் பிடித்து முடிந்ததும் தண்ணீரை வடித்து, சேறு வெடிக்கும் வரை காயவிட்டு, கறுத்த மூலையை மட்டுமாவது தூர்வாருங்கள். கடலோரச் சதுப்பு மண்ணாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை: அதில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் காயும்போது கந்தக அமிலம் உண்டாகும். காய்ந்த மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து பி.எச். பார்த்துவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். வடிகால் தொட்டி, மூடிய கிணறு மாதிரியான இடத்தில் இந்த நாற்றம் அடித்து, பிறகு சட்டென்று நின்றுவிட்டால் உள்ளே இறங்காதீர்கள்; காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவிலேயே மூக்கு மரத்துப்போய்விடும், வாயு அங்கேயேதான் இருக்கும்.

முன்னேற்றத்தை நாற்றத்தில் தேடாதீர்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் செருகி, மேல்வாயை அடைத்து உருவி எடுத்தால் அடுக்கு தெரியும். மேலே பழுப்புத் தோல் தடித்துக்கொண்டே வந்தால் வழி சரி. மரநிழல் குமிழி மட்டும் சட்டென்று நிற்காது, வெப்பம் ஏறினாலும் காற்றழுத்தம் இறங்கினாலும் கூடுதலாகவே வரும், அதற்காக இன்னொரு மருந்து வாங்காதீர்கள்.